இடமாற்றம் வந்தாலும் நிற்கும் தளம்

வகுப்பறைக்கென்று ஆசிரியர்கள் கூடி அமைக்கும் இணையத்தளங்களில் பெரும்பாலானவற்றை முடித்துவைப்பது வருடாந்த இடமாற்றப் பட்டியல்தான். செயலமர்வின் கடைசி நாளில் தளம் திறந்துவைக்கப்படுகிறது, அதிபர் பேசுகிறார், வலயத்திலிருந்து வந்தவர் பாராட்டுகிறார், படம் எடுக்கிறார்கள். அடுத்த தை மாதம், தளத்தைக் கட்டிய தகவல் தொழினுட்ப ஆசிரியர் தீவகத்துக்கோ வன்னிக்கோ போய்விடுகிறார். கடவுச்சொல் அவருடைய சொந்த மின்னஞ்சலோடு சேர்ந்து போகிறது. "விரைவில்" என்று தலைப்பிட்ட பக்கங்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருந்துகொண்டு ஆசிரியர்களை இந்த வேலைக்குப் பழக்குவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இதற்காக அவர்களைக் குறைசொல்ல மனம் வருவதில்லை. இடமாற்றம் அவர்கள் கேட்டு வாங்கியதுமல்ல. குழுவேலை என்று நாம் பெயர் வைத்திருப்பது பெரும்பாலும் ஒருவர் வேலைசெய்ய மற்றவர்கள் பக்கத்தில் இருந்து உதவும் ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டை மாற்றாமல் எத்தனை செயலமர்வு வைத்தாலும் தளங்கள் நிலைக்கமாட்டா.

ஆறு ஆசிரியர்களை ஒரு மேசையில் இருத்திப் பாருங்கள். அரை மணித்தியாலத்துக்குள் வேலை தானாகவே பங்குபோடப்பட்டுவிடும். கணினி தெரிந்தவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். தமிழ் ஆசிரியருக்குப் பிழை திருத்தம், சித்திர ஆசிரியருக்கு முகப்பு, நல்ல கைத்தொலைபேசி வைத்திருப்பவருக்குப் படம், மூத்தவருக்குப் பாடசாலை வரலாறு. அவரவர் திறமைக்கேற்ற வேலை கிடைத்தது என்று எல்லாருக்கும் திருப்தி. ஆனால் செயலமர்வு முடியும்போது ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வரியை மாற்றி, சேமிக்கத் தெரிந்தவர் அந்த மேசையில் ஒருவர்தான். அவருக்கு அது வருமுன்னரே தெரியும். மற்ற ஐவரும் சரக்குக் கொடுத்தார்கள். தளம் அமைக்கப் பழகவில்லை. 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் உளவியலாளர் எலியட் அரன்சன் வகுத்த ஜிக்சோ முறையைக் குழுவேலைக்கு முன்மாதிரியாக ஆசிரியர் பயிற்சிகளில் சொல்வதுண்டு. பாடத்தைத் துண்டுகளாக்கித் துண்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது அதன் முதற்பாதி. ஒவ்வொருவரும் தம் துண்டை மற்றவர்களுக்குக் கற்பித்து, முடிவில் எல்லாரும் முழுப் பாடத்திலும் சோதிக்கப்படுவது மறுபாதி. நாம் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். நிறத்தால் பிரிந்து பகைத்திருந்த பிள்ளைகள் ஒருவரில் ஒருவர் தங்கியிருக்கப் பழகவேண்டும் என்பதற்காகப் பிறந்த முறை அது. கற்பிக்கும் பாதியைக் கழித்துவிட்டால் எஞ்சுவது வெறும் வேலைப் பங்கீடு.

ஆகவே வேலையைத் திறமைவாரியாகப் பிரிப்பதை விட்டுப் பக்கவாரியாகப் பிரிக்கச் சொல்கிறேன். தரம் 8 விஞ்ஞானப் பக்கம் விஞ்ஞான ஆசிரியருடையது என்றால், அதைத் தட்டெழுதுவது, படத்தைச் சிறிதாக்குவது, இணைப்புக் கொடுப்பது, வெளியிடுவது, மறுநாள் பார்த்துத் திருத்துவது எல்லாம் அவருடைய பொறுப்பு. முடிந்ததும் அந்தப் பக்கம் பக்கத்து இருக்கைக்காரரின் கைக்குப் போகும். அவர் தன் கைத்தொலைபேசியிலிருந்து அதில் ஒரு திருத்தமாவது செய்து வெளியிடவேண்டும். இன்னொருவர் எழுதியதில் கைவைக்கும் கூச்சம் அப்போதுதான் போகும். நம் ஆசிரியர்களுக்குக் கணினிப் பயத்தைவிட இந்தக் கூச்சம் பெரிது. மூத்தவர் எழுதிய வரியில் எழுத்துப்பிழை கண்டாலும் திருத்தமாட்டார்கள். தகவல் தொழினுட்ப ஆசிரியருக்கு இந்தப் பங்கீட்டில் பக்கம் கிடையாது. கேட்டால் பதில் சொல்லலாம், விசைப்பலகையைத் தொடக்கூடாது. அதிக எதிர்ப்பு வருவது இந்த விதிக்குத்தான், அதுவும் முதலில் அவரிடமிருந்தே வரும். கடைசி அமர்வில் அவரை வெளியே அனுப்பிவிட்டு, எஞ்சியவர்கள் புதிய பக்கமொன்றைச் சேர்த்து, பழையதொன்றை நீக்கி, கடவுச்சொல்லையும் மாற்றிக்காட்ட வேண்டும். அவ்வளவும் முடிந்தால் தளம் ஓர் இடமாற்றத்தைத் தாங்கும். முடியாவிட்டால் திறப்புவிழாவைத் தள்ளிவைப்பது நல்லது. திறப்புவிழாவைத் தள்ளிவைக்கச் சொல்லும் பயிற்றுநரை யாருக்கும் பிடிக்காது என்பது வேறு கதை.

இப்படிச் செய்தால் தளம் அழகாக வராது என்பார்கள். உண்மைதான். ஒரே கையால் ஆன தளத்தில் நிறமும் எழுத்தளவும் ஒத்திருக்கும். ஆறு கையால் ஆனதில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள், தலைப்பு ஓரிடத்தில் நடுவிலும் ஓரிடத்தில் ஓரத்திலும் இருக்கும். அந்த அழகை விலையாகக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதற்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் அதே விக்கி மென்பொருளில் நிற்கிறது. இரண்டிலும் வேலைசெய்தவர்கள் பலர். தொடர்ந்தவர்களும் உண்டு, வேலை மாறி, நாடு மாறி, களைத்து விலகியவர்களும் உண்டு. ஆனாலும் இருபது ஆண்டுகளைக் கடந்து இரண்டும் நிற்கின்றன. எந்தப் பக்கத்தையும் இன்னொருவர் திறந்து தொடரலாம், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு பக்கத்தோடேயே இருக்கும், பிழைத்த மாற்றத்தைப் பழையபடி திருப்பலாம் என்ற மூன்று ஏற்பாடுகள் அதற்குக் காரணம். விக்கிப்பீடியாவின் முகப்பைப் பார்த்து யாரும் அழகென்று வியந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கூகிள் சைற்ஸ் போன்ற இலவசக் கருவிகளிலும் பலர் சேர்ந்து திருத்தும் வசதியும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வசதியும் உண்டு. கருவி இருக்கிறது. அதைப் பலர் கைக்குக் கொடுக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

பக்கவாரியாகப் பிரித்தவுடன் முதலில் வெளியே வருவது எழுத்துருச் சிக்கல். அது வரவேண்டும் என்பதும் என் விருப்பம். நம் பாடசாலைகளின் வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள், தவணைப் பரீட்சைத் தாள்கள் எல்லாம் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. பாமினி கணினியை ஏமாற்றும் ஒரு வித்தை: கணினி உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கும், திரையில் அதற்குத் தமிழ் வடிவம் போர்த்தப்படும். அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்வரை அதில் ஒரு குறையும் தெரியாது. அதே பாடத்தைத் தளத்தில் ஒட்டியதும் போர்வை விலகி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரியும். எல்லாவற்றையும் ஒருவரே தட்டெழுதினால் அவர் இதைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போய்விடுவார், மற்ற ஆசிரியர்கள் பாமினியிலேயே இருப்பார்கள். அவரவர் பக்கத்தை அவரவரே ஒட்டும்போதுதான் தங்கள் கணினியில் பல ஆண்டாகச் சேர்த்துவைத்த பாடங்கள் எதையும் இணையத்தில் தேடிப் பிடிக்க முடியாது என்பது அவர்களுக்கு விளங்குகிறது. தமிழுக்கான யுனிகோட் குறிமுறையை இலங்கை 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. பழக்கம் மட்டும் தரத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. இதற்குத் தீர்வும் கடினமல்ல. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி பாமினிப் பத்தியை நொடியில் யுனிகோட் ஆக்கித்தரும். பாமினி விசை ஒழுங்கில் பழகிய விரல்களை மாற்றவும் தேவையில்லை. அதே ஒழுங்கில் தட்டினால் யுனிகோட் தரும் இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கணிதக் குறிகளும் இலக்கங்களும் இடம் மாறியிருக்கக்கூடும். ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியரும் இதை ஒரு காலைப் பொழுதில் பழகிவிடுவார். வினாத்தாளைப் படம்பிடித்து அப்படியே தளத்தில் ஏற்றிவிடும் குறுக்குவழியை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. அதிலும் தேட முடியாது, திருத்தவும் முடியாது, கண் தெரியாத பிள்ளைக்குத் திரைவாசிப்பான் அதை வாசித்துக் காட்டவும் முடியாது.

படத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. யுனிகோட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் இணையத்தில் 3 பைற் இடம்பிடிக்கும். ஆயிரம் சொற்கள் கொண்ட ஒரு பாடக்குறிப்பு ஏறத்தாழ 25 முதல் 30 கிலோபைற் வரும். இன்றைய கைத்தொலைபேசியில் எடுத்த சாதாரணப் படம் ஒன்று பெரும்பாலும் 3 மெகாபைற் அளவில் வரும். ஒரு படத்தின் எடையில் நூறு பாடங்களை வைக்கலாம் என்பதே இதன் பொருள். குருநகர் போன்ற இடத்தில் இது வெறும் கணக்கல்ல. இங்கே பல வீடுகளில் அன்றாடத் தொழிலே வருமானம். டேற்றா சில்லறையாகத்தான் போடப்படும். ஒரு தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்வார்கள். 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லாரும் நேரலை வகுப்புக்கு ஓடினோம். 2022இல் மின்வெட்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் என்ற நிலைக்கு வந்தது. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. நேரலை வகுப்புக்கு ஆசிரியர் வீட்டிலும் பிள்ளை வீட்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரமும் இணைப்பும் வேண்டும். எழுத்தாலான பக்கத்துக்கு அது தேவையில்லை. மின்சாரம் வந்த நேரத்தில் ஒருமுறை திறந்தால் போதும், பிள்ளை கொப்பியில் எழுதிக்கொள்ளும். இந்த இலேசான பக்கத்தை அமைக்க வல்லுநரும் தேவையில்லை. தளத்தைக் கனக்கச் செய்வது அசையும் பதாகையும் பின்னணி இசையும் போன்ற வல்லுநரின் ஆசைகள்தான்.

வட்சப் குழு இருக்கும்போது தளம் எதற்கு என்பது அதிபர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பெற்றார் எல்லாரும் அதில் இருக்கிறார்கள், யாரையும் பழக்கவேண்டியதில்லை, அனுப்பினால் உடனே போய்ச் சேரும். இவ்வளவும் சரி. நாளைக்கு மழைவிடுமுறை என்று சொல்ல வட்சப்பை மிஞ்சியது இல்லை. பாடத்தை அதில் வைத்தால்தான் சிக்கல். பங்குனியில் அனுப்பிய பின்னக் கணக்கை ஆவணியில் தேடிப்பார்த்தவர்களுக்கு அது தெரியும். வணக்கம் சொல்லும் பூப்படங்களுக்கும் நன்றி சொல்லும் கைகூப்பல்களுக்கும் அடியில் அது புதைந்திருக்கும். இரண்டாம் தவணையில் வந்து சேரும் பிள்ளைக்கு முதலாம் தவணைப் பாடம் எதுவும் தெரியாது. தகப்பன் தொழிலுக்குப் போகும்போது தொலைபேசியும் அவரோடு கடலுக்குப் போகிறது. தொலைபேசி உடைந்தாலோ எண் மாறினாலோ ஆண்டு முழுவதற்குமான குறிப்பும் போய்விடக்கூடும். தளத்தின் பக்கத்தை அயல்வீட்டுத் தொலைபேசியிலும் திறக்கலாம், அச்சுக் கடையிலும் திறக்கலாம். வட்சப்பில் இணைப்பை அனுப்புங்கள், பாடம் தளத்தில் இருக்கட்டும் என்பதே என் பதில்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இருக்கிறது, கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது, அப்படியிருக்க ஒரு பாடசாலை மறுபடி எழுதுவது வீண்வேலை என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பாடநூலில் இருப்பதை அப்படியே திரும்பத் தட்டெழுதுகிற தளங்களைப் பொறுத்தவரை அதை நான் முழுதாக ஏற்கிறேன். அத்தகைய பக்கத்தை அழித்துவிட்டு இணைப்பு ஒன்று கொடுத்தால் போதும். வகுப்பறைத் தளத்துக்கு உரியது பாடநூல் தர முடியாதது. தென்மேல், வடகீழ்ப் பருவக்காற்றுகளைப் பாடநூல் நாடு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லும். சோளகத்திலும் வாடையிலும் யாழ்ப்பாணக் கடனீரேரி எப்படி மாறுகிறது, குருநகர்ப் படகுகள் எந்தக் காற்றில் எந்தப் பக்கம் போகின்றன என்பதை இங்குள்ள ஆசிரியரும் பிள்ளைகளின் பாட்டன்மாரும்தான் எழுத முடியும். வணிகக் கல்விப் பாடத்தில் வழங்கற் சங்கிலி என்று ஓர் அலகு வந்தால், பிடித்த கடலட்டை அவிக்கப்பட்டு, காயவைக்கப்பட்டு, வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் வழியைவிட நல்ல உதாரணம் இந்தப் பிள்ளைகளுக்கு ஏது? இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் குடியியற் கல்விக்குப் பொருத்தமானது. அதை ஆதரிப்பவர் பிள்ளையும் அதனால் தொழில் இழந்தவர் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும் இடம் இது. நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைக்கு இவ்வூரின் கத்தோலிக்கக் கூத்து இருக்கிறது. மகரகமவிலிருந்து வரும் ஆசிரியர் வழிகாட்டி இவற்றுக்கு இடம்விட்டிருக்கிறது, நிரப்பவேண்டியவர்கள் நாம். இதை ஒருவர் நிரப்ப முடியாது என்பதையும் கவனிக்கவேண்டும். காற்றைப் பற்றிப் புவியியல் ஆசிரியருக்கும் அட்டையைப் பற்றி வணிக ஆசிரியருக்கும் தெரிந்தது தகவல் தொழினுட்ப ஆசிரியருக்குத் தெரிந்திருக்கவேண்டிய நியாயமில்லை.

தளத்தைத் தாங்கும் நிறுவனமும் ஒருநாள் இடம்பெயரும். 1996இல் தொடங்கிய திங்க்குவெஸ்ற் போட்டியில் பல நாட்டு மாணவர்கள் ஆசிரியர்களின் துணையோடு சிறு குழுக்களாகக் கூடிக் கல்வித் தளங்களை அமைத்தார்கள். நான் இங்கே பேசும் வேலைக்கு அது ஒரு பெரிய முன்னோடி. பின்னர் அதை ஒராக்கிள் கல்வி அறக்கட்டளை ஏற்று நடத்தியது. 2013 யூலையில் மூடியது. ஆயிரக்கணக்கான தளங்கள் அதோடு இணையத்திலிருந்து இறங்கின. ஜியோசிற்றீஸ் 2009இல் போனது. ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் போனது. பிளாஷ் மென்பொருளில் செய்த பாடங்கள் 2020 டிசெம்பர் 31ஆந் திகதியோடு அதற்கான ஆதரவு நின்றபின் வழமைபோலத் திறக்காமல் போயின. மறுபக்கம், 1991இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ எழுதிய வெறும் எழுத்துப் பக்கம் இன்றைய உலாவியிலும் திறக்கிறது. ஆகவே எளிய எழுத்து, சிறிய படம், எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத கோப்பு, தவணைக்கு ஒருமுறை ஒரு பிரதி என்று சொல்லிக்கொடுக்கிறேன். பிரதியின் அருமையை இந்த மண்ணில் நீட்டி விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வில் எத்தனை வீடுகளின், பாடசாலைகளின் பதிவேடுகள் போயின என்பதை ஊரே அறியும். பழைய பாடசாலை மலர்களில் பல இன்று நூலகம் தளத்தில் வாசிக்கக் கிடைப்பதும், யாரோ எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிரதியை வைத்திருந்த புண்ணியத்தால்தான்.

நேரமில்லை என்ற முறைப்பாட்டுக்கு என்னிடம் முழுப் பதிலும் இல்லை. பாடவேளை, பதிவேடு, பரீட்சைத் தாள், வலயத்துக்கு அனுப்பும் படிவங்கள் எல்லாம் முடிந்து ஓர் ஆசிரியருக்கு எஞ்சுவது கொஞ்சம். ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் முப்பது பக்கம் செய்வதைவிட, தவணைக்கு ஒருவர் ஒரு பக்கம் செய்வது இலகு. வினாத்தாளுக்கென்று எப்படியும் தட்டெழுதுவதை யுனிகோட்டில் தட்டினால் தளத்துக்கு வேறாக எழுதவும் தேவையில்லை. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் இணையத்தள உருவாக்கம் ஓர் அலகாகவே இருப்பதால் தரம் 11 மாணவரையும் துணைக்குச் சேர்க்கலாம். பிள்ளைகளின் முகம், முழுப்பெயர், புள்ளி, வீட்டு விபரம் எதையும் தளத்தில் போடவேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இதில் விவாதத்துக்கே இடமில்லை.

இந்த ஆண்டு தளம் தொடங்க இருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். கணக்கைப் பாடசாலையின் மின்னஞ்சலில் திறவுங்கள், ஒருவருடைய சொந்த மின்னஞ்சல் வேண்டாம். திருத்தும் உரிமையைக் குறைந்தது மூவருக்குக் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது கணினிப் பாடம் கற்பிக்காதவராக இருக்கட்டும். தள முகவரியையும் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, உறையிலிட்டு, அதிபரின் அலுமாரியில் வையுங்கள். மேசை கதிரைகளைப் பதியும் பொருட்பதிவேட்டில் தளத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். இடமாற்றக் கடிதம் வந்த ஆசிரியர் கணினி அறைத் திறப்பை ஒப்படைக்கும்போது அந்த வரிக்கும் ஒப்பமிட்டு ஒப்படைக்கட்டும்.